அந்த ஐந்து கிலோ எங்கிருந்து வந்தது?

கேள்வி: ஐயா, நான் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் செவிலியராக வேலை பார்க்கிறேன். சென்ற ஆண்டு உரிமம் பெற்று, செயற்கைக் கட்டை (தோளில் ஊன்றிப் பிடிக்கும் பகுதி) போட்ட, போல்ட் (கையால் இயக்கும் தாழ்ப்பாள்) வகை .308 ரைஃபிள் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். கனமே தெரியாது என்று சொல்லித்தான் விற்றார்கள். நான்கு மணி நேரம் ஏற்றத்தில் நடந்தால் தோள் விட்டுப்போகிறது. எல்லாவற்றையும் தனித்தனியாக எடை போட்டு எழுதியிருக்கிறேன், மொத்தம் 4.87 கிலோ. நூறு மீட்டரில் முதல் இரண்டு குண்டுகள் ஒட்டினாற்போல விழுகின்றன, மூன்றாவது மட்டும் மேலே இடப்பக்கமாக ஐந்து செ.மீ. தள்ளிப் போகிறது. 2.5 கிலோவுக்கு இறக்க வேண்டும் என்பது கனவு. கார்பன் சுற்றிய குழல் போடலாமா? இருக்கிற குழலை வெட்டலாமா? சுடும் விசையின் இழுப்பை அரை கிலோவுக்கு இறக்கலாமா? 2,500 டாலர் ஒதுக்கி வைத்திருக்கிறேன். ஜூலையில் நண்பர்களோடு தார் ஆடு வேட்டைக்கு மலையேறுகிறேன்.

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த எடைச் சீட்டு. என் பட்டறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ரைஃபிளை ஒரு கையில் தூக்கிக் காட்டி, “கொஞ்சம் கனமாக இருக்கிறது, குறைத்துக் கொடுங்கள்” என்பார்கள். எது கனம் என்று கேட்டால் விழிப்பார்கள். நீங்கள் தராசில் வைத்திருக்கிறீர்கள். பாதி வேலை முடிந்துவிட்டது.

சீட்டை மறுபடி படியுங்கள். வெறும் ரைஃபிள் 2,900 கிராம். ஸ்கோப் 720. அதைப் பிடிக்கும் எஃகு வளையங்கள் 150. ஒலியடக்கி 420. முன்கால் (குழலுக்கு அடியில் ஊன்றும் இருகால் தாங்கி) 400. தோள்வார் 180. நான்கு தோட்டாக்கள் ஏறக்குறைய 100. விற்றவர் பொய் சொல்லவில்லை; அவர் விற்றது மூன்று கிலோவுக்கும் குறைவான பொருள்தான். மற்ற இரண்டு கிலோ நீங்கள் கடையில் பார்த்துப் பார்த்து வாங்கி மாட்டியது.

முன்காலைக் கழற்றி வீட்டில் வையுங்கள். மலையில் முதுகுப்பை இருக்கும்போது அதற்கு என்ன வேலை? பையைப் பாறை மேல் கிடத்தி அதன் மேல் ரைஃபிளை வைத்துச் சுடுவதுதான் இங்குள்ள பழைய வேட்டைக்காரர்களின் வழக்கம். சரிவில் முன்காலின் இரண்டு காலும் சமமாக ஊன்றும் இடம் கிடைப்பதே அபூர்வம். 400 கிராம் போயிற்று. ஸ்கோப்பில் 56 மி.மீ. முன்கண்ணாடி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்; அது மாலை மங்கலில் காட்டுப்பன்றிக்காக மேடையில் காத்திருப்பவர்களுக்கு உதவும். பகல் வெளிச்சத்தில் வெட்டவெளி மலையில் ஆட்டைத் தேடுகிறவருக்கு 3-9x40 வகை (3 முதல் 9 மடங்கு பெருக்கம், 40 மி.மீ. முன்கண்ணாடி) போதும். நல்ல கம்பெனிகளின் ஸ்கோப்பே 350 கிராமுக்குக் கிடைக்கிறது. அங்கே 370. வளையங்களை அலுமினியத்துக்கு மாற்றினால் 70. பஞ்சு வைத்துத் தைத்த அகல வாருக்குப் பதில் வெறும் நைலான் வார் போட்டால் 100. கூட்டிப் பாருங்கள்: 940 கிராம். துப்பாக்கியின் இரும்பில் ஓர் அரம்கூடப் படாமல் 3.93 கிலோவுக்கு வந்துவிட்டீர்கள்.

இனிக் குழல். வெட்டினால் எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போடுவோம். உங்களுடையது போன்ற மெல்லிய குழலின் முனை 15 மி.மீ. குறுக்களவு இருக்கும், நடுவே .308 அங்குலத் துளை. அந்த எஃகு ஒரு செ.மீ. நீளத்துக்குப் பத்து கிராம்தான். பத்து செ.மீ. வெட்டினால் 100 கிராம், அதாவது மேலே சொன்ன வாரை மாற்றினால் கிடைக்கும் அதே 100 கிராம். பதிலுக்குக் குண்டின் வேகத்தில் விநாடிக்கு 25 முதல் 30 மீட்டர் வரை இழப்பீர்கள். எடைக்காகக் குழலை வெட்டுவது நஷ்ட வியாபாரம்.

ஆனால் வேறொரு காரணத்துக்காக வெட்டலாம். ஒலியடக்கியை மாட்டியதும் உங்கள் துப்பாக்கி ஒரு கைத்தடி அளவுக்கு நீண்டுவிடுகிறது. புதருக்குள் நுழையும்போது மாட்டும், முனை கனத்து முன்னால் சாயும். 57 செ.மீ. குழலை 47 ஆக்கினால் அந்தத் தொல்லை குறையும், குழலின் விறைப்பும் கூடும். அதே தடிமனுள்ள கம்பியில் விறைப்பு நீளத்தின் மும்மடிக்கு எதிர்விகிதம். உங்கள் கணக்கில் அது முக்கால் மடங்குக்கு மேல் கூடுகிறது. வெட்டினால் முனைக்கு மறுபடி மரை போட வேண்டும், அது குழலின் துளைக்கு நேராக அமைய வேண்டும். இம்மியளவு கோணினாலும் குண்டு ஒலியடக்கியின் உள்தடுப்பில் உரசும். இது கடைசல் எந்திரத்தில் செய்ய வேண்டிய வேலை. கொல்லையில் ரம்பத்தை எடுத்துவிடாதீர்கள். இன்னொன்று: இந்த நாட்டுச் சட்டப்படி மொத்த நீளம் 762 மி.மீ.க்குக் கீழே போனால் அது கைத்துப்பாக்கிக் கணக்கில் சேரும். மடக்காத கட்டை போட்ட உங்கள் ரைஃபிள் அதன் அருகில்கூட வராது. மடக்கும் கட்டை வாங்கும் ஆசை என்றைக்காவது வந்தால் இதை நினைவில் வையுங்கள்.

கார்பன் குழல் நல்ல பொருள்தான். ஆனால் அது தடித்த குழலின் விறைப்பைக் குறைந்த எடையில் தருவதற்காக வந்தது. உங்களுடையதைப் போன்ற பென்சில் குழலுக்குப் பதிலாகப் போட்டால் எடை குறையாது; சில சமயம் கூடும். ஒதுக்கிய பணம் முழுவதும் அதற்கே போய்விடும்.

மூன்றாவது குண்டைப் பற்றிச் சற்று நிதானமாகப் பேச வேண்டும். உண்மையான கோளாறு அங்கேதான் இருக்கிறது.

மெல்லிய குழல் சீக்கிரம் சூடாகும். சூடானால் எஃகு விரியும். உள்ளே பழைய இறுக்கம் ஏதாவது மிச்சமிருந்தால் ஒரு பக்கமாக வளையும். முதலில் இதைச் சோதியுங்கள். மூன்று குண்டுகளையும் ஐந்தைந்து நிமிட இடைவெளியில், ஒவ்வொரு முறையும் குழலைக் கையால் தொட்டுக் குளிர்ந்ததா என்று பார்த்துச் சுடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒலியடக்கி மரையில் தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சூட்டில் அது கால் சுற்றுத் தளர்ந்தாலே குண்டு இடம் மாறும். மூன்றாவது குண்டு மற்ற இரண்டோடு வந்து சேர்ந்தால் சூடுதான் காரணம். சேரவில்லையென்றால் ஸ்கோப்பின் திருகுகளையும் உங்கள் தோளையும் சந்தேகப்பட வேண்டும்.

சூடுதான் என்று என் ஊகம். அதிலும் குழல் தானாக வளைவதைவிட, கட்டையின் முன்பகுதி அதை ஒரு பக்கம் தள்ளுகிறது என்றே நினைக்கிறேன். மேலே இடப்பக்கம் போகிறதென்றால் கீழே வலப்பக்கம் உரசல் இருக்கலாம். “குழலுக்கும் கட்டைக்கும் நடுவே காகிதம் விட்டுப் பார்த்தேன், தாராளமாகப் போகிறது” என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படி விட்டீர்கள்? ரைஃபிளை மடியில் வைத்துக்கொண்டா? மலிவான செயற்கைக் கட்டையின் முன்பகுதி பிளாஸ்டிக் வாளியின் விளிம்பு போல நெளியும். தோட்டா இல்லை என்பதை இரண்டு முறை பார்த்து, போல்டை வெளியே எடுத்துவிட்டு, நீங்கள் சுடும்போது வைக்கும் அதே மணல் மூட்டையின் மேல் ரைஃபிளை வைத்து, சுடும்போது அழுத்துகிற அளவுக்குக் கையால் அழுத்திக்கொண்டு காகிதத்தை விடுங்கள். மடியில் ஓடிய காகிதம் மூட்டை மேல் பல சமயம் நின்றுவிடும். வாரை முன்கையில் சுற்றி இழுத்தாலும் இதேதான்.

அடுத்த சோதனையைப் பட்டறையில் நான் எல்லா ரைஃபிளுக்கும் செய்வேன். நீங்களும் வீட்டில் செய்யலாம். ரைஃபிளைக் கட்டையின் அடிப்பகுதி தரையில் ஊன்ற நிமிர்த்தி நிறுத்துங்கள். கட்டையின் முன்முனையும் குழலும் சேரும் இடத்தில், ஒரு விரல் இரண்டின் மேலும் படும்படி வையுங்கள். மற்றக் கையால், கட்டையோடு உலோகப் பகுதியைப் பிணைக்கும் முன்திருகை மெல்லத் தளர்த்துங்கள். விரலுக்கு ஒன்றும் தெரியாவிட்டால் நல்லது. குழல் மூச்சு விடுவதுபோல மெல்ல எழும்பினால், திருகை இறுக்கும்போதெல்லாம், போல்ட் ஓடும் உலோக உடலான உங்கள் ஆக்‌ஷன் வில்லைப் போல வளைக்கப்படுகிறது என்று பொருள். அந்த அசைவு ஒரு தலைமுடியின் தடிமன்தான் இருக்கும். ஆனாலும் விரல் அதைப் பிடித்துவிடும்.

இதற்கு மருந்து ‘பெட்டிங்’. கட்டைக்குள் இரண்டு திருகுகளும் போகும் துளையில் அலுமினியத் தூண்கள் பதித்து, ஆக்‌ஷன் உட்காரும் பள்ளத்தில் எஃகுத்தூள் கலந்த எபாக்சி பூசி, அது இளகலாக இருக்கும்போதே ஆக்‌ஷனை அதில் உட்கார வைத்து ஒரு நாள் இறுக விடுவது. இறுகியபின் அந்தப் பள்ளம் உங்கள் ஆக்‌ஷனின் அச்சாகவே இருக்கும். வேறொரு ரைஃபிளின் ஆக்‌ஷன் அதில் அப்படிப் பொருந்தாது. உதைப்பைத் தாங்கும் முனையின் பின்பக்கம் மட்டும் எபாக்சியில் அழுந்தி நிற்க வேண்டும். அதன் முன்பக்கத்துக்கும் அடிக்கும் ஒரு சுற்று ஒட்டுநாடா ஒட்டி இடைவெளி விடுவோம். கூடும் எடை ஐம்பது கிராமைத் தாண்டாது.

எபாக்சி பூசும் முன் உலோகம் முழுவதும் ஒட்டாமல் இருக்க மெழுகு தடவ வேண்டும். தொழிலுக்கு வந்த இரண்டாம் ஆண்டில் நான் ஒரு திருகுத் துளைக்குள் தடவ மறந்தேன். மறுநாள் ரைஃபிளும் கட்டையும் பிரிக்க முடியாத தம்பதிகள். எங்கள் வீட்டு ஆழ்குளிர் பெட்டியில், ஆட்டுத் தொடைக்குப் பக்கத்தில், இரவு முழுவதும் வைத்து, காலையில் ரப்பர் சுத்தியலால் தட்டியபோது டக்கென்று விட்டது. எஃகும் எபாக்சியும் குளிரில் ஒரே அளவாகச் சுருங்காததால் பிழைத்தேன். என் மனைவி இன்றும் அந்தப் பெட்டியைத் திறக்கும்போது சொல்லிக்காட்டுவார். இந்த வேலையை முதல்முறை நீங்களே செய்ய வேண்டாம் என்பது இதனால்தான்.

குழல் எங்கும் தொடாமல் மிதக்க வேண்டும் என்பதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவைச் சேர்ந்த மெல்வின் ஃபோர்ப்ஸ் 1980-களில் ‘அல்ட்ரா லைட் ஆர்ம்ஸ்’ என்ற பெயரில் ரைஃபிள் செய்யத் தொடங்கினார். அவருடைய ‘மாடல் 20’ அப்படிப் பெயர் பெற்றது அதன் ஆக்‌ஷன் 20 அவுன்ஸ், அதாவது 567 கிராம் மட்டுமே என்பதால். அவர் குழலை மிதக்க விடவில்லை. கெவ்லார் கலந்த விறைப்பான கட்டையில் முனைவரை குழலைப் படிய வைத்தார். கட்டை நெளியாததால் குழலை எல்லாப் பக்கமும் ஒரே சீராகத் தாங்கியது. துல்லியத்துக்கு அந்த ரைஃபிள்கள் பெயர் பெற்றவை. எங்கோ ஓர் இடத்தில் தொட்டும் தொடாமலும் இருப்பதுதான் கேடு. உங்கள் கட்டை நெளியும் சாதி. அதனால் உங்களுக்கு மிதக்க விடுவதே வழி. முன்பகுதியின் உள்ளே இருக்கும் குறுக்குச் சுவர்களுக்கு நடுவே எபாக்சியில் கார்பன் குச்சி இரண்டைப் பதித்தால் நெளிவும் அடங்கும்.

கனமில்லாத ரைஃபிளின் மோகம் புதியதல்ல. வின்செஸ்டர் தன் மாடல் 70-இன் ‘ஃபெதர்வெயிட்’ வகையை 1952-இல் விட்டது, நீங்கள் சுடும்.308 தோட்டா சந்தைக்கு வந்ததும் அதே ஆண்டு, அதே ரைஃபிளோடுதான். நீளம் குறைந்த தோட்டா என்பதால் ஆக்‌ஷனையும் குறுக்க முடியும் என்று பின்னால் வந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

விசைக்கு வருகிறேன். அரை கிலோ வேண்டாம். வேண்டவே வேண்டாம். ஜூலையில் நீங்கள் போகும் இடத்தில் பனி இருக்கும். கையில் உறை இருக்கும், விரல் மரத்துப்போயிருக்கும். அரை கிலோ இழுப்புள்ள விசையை மரத்த விரல் தொட்டதா இல்லையா என்றே தெரியாது. ஒருவர் தன் ரைஃபிளை வீட்டிலேயே திருகி ‘வெண்ணெய் போல’ ஆக்கிக்கொண்டு என்னிடம் ஸ்கோப் மாட்ட வந்தார். நான் வெறும் துப்பாக்கியில் போல்டைச் சற்று வேகமாக அடித்து மூடினேன்; உள்ளே ஊசி தானாக விழுந்தது. தோட்டா இருந்திருந்தால் என் பட்டறைக் கூரையில் ஓட்டை விழுந்திருக்கும், அல்லது அதைவிட மோசமாக நடந்திருக்கும். ‘இதுவரை ஒன்றும் ஆகவில்லையே’ என்றார் மனிதர். மலை வேட்டை ரைஃபிளுக்கு 1.2 முதல் 1.5 கிலோ வரை சரியான இழுப்பு. எடையைவிட முக்கியம், இழுக்கும்போது இழுபடாமல் கண்ணாடிக் குச்சி போல ஒடிவது. உங்களுடையது இழுபடுகிறது என்றால் சுத்தம் செய்து, உற்பத்தியாளர் அனுமதிக்கும் எல்லைக்குள் அமைத்து, பாதுகாப்புப் பூட்டையும் போல்டையும் அடித்துச் சோதித்துத் தருகிறேன். நீங்கள் திருப்புளியோடு அங்கே போக வேண்டாம்.

மற்றத் திருகுகளை நீங்களே பார்க்கலாம், முறுக்கு அளக்கும் திருப்புளி இருந்தால். வளையங்களின் மேல்மூடிக்குப் பெரும்பாலும் 2 நியூட்டன் மீட்டரை ஒட்டிய முறுக்கு போதும். கையால் ‘கிர்’ரென்று வரும்வரை திருகுகிறவர்கள் ஸ்கோப்பின் குழாயை நசுக்கிவிட்டு, கண்ணாடி சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறார்கள்.

எடை குறைந்தால் உதைப்பு கூடும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. எவ்வளவு என்பதையும் பார்த்துவிடுங்கள். 150 கிரெயின் (9.7 கிராம்) குண்டை விநாடிக்கு 860 மீட்டரில் அனுப்பும் சாதாரண .308 தோட்டாவுக்கு, 3.9 கிலோ ரைஃபிள் 19 ஜூல் அளவில் உதைக்கும். அதையே 2.5 கிலோவுக்கு இறக்கினால் 29 ஜூல். பாதிக்கு மேல் கூடிவிடுகிறது. (ஒலியடக்கி இதில் ஓரளவைக் குறைக்கும், கணக்கில் அதைச் சேர்க்கவில்லை.) அந்த உதையை எதிர்பார்த்து உடம்பு முன்கூட்டியே சிணுங்கும், கண் மூடும், தோள் பின்வாங்கும். கனமான ரைஃபிள் இந்தப் பிழைகளைத் தன் எடையால் விழுங்கிவிடும். மெல்லியது ஒவ்வொன்றையும் அப்படியே தாளில் எழுதிக் காட்டும். அதனால்தான் 2.5 கிலோ கனவை விடச் சொல்கிறேன். நான்கு கிலோவுக்குச் சற்றுக் கீழே நிற்பது உங்களைப் போலப் புதிதாகத் தொடங்கியவருக்கு நல்ல இடம்.

பிடிக்கும் முறையும் மாற வேண்டும். கனமான ரைஃபிளை மூட்டை மேல் வைத்துவிட்டுப் பின்கையை மட்டும் கொடுத்துச் சுடலாம். இதை முன்கையால் பிடிக்க வேண்டும், கட்டையைத் தோளுக்குள் இழுத்து வைக்க வேண்டும், குண்டு போனபிறகும் ஒரு கணம் ஸ்கோப்புக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பட்ட இடம் கண்ணுக்குத் தெரிந்தால் பிடி சரி.

மூன்று குண்டுகளை வைத்து ரைஃபிளை எடை போடுவதையும் விடுங்கள். ஒரே துப்பாக்கியில் பத்துக் குண்டுகள் விழும் வட்டம், மூன்று குண்டுகளின் வட்டத்தைப் போலச் சராசரியில் ஒன்றரை மடங்குக்கும் சற்று மேல் இருக்கும். துப்பாக்கி கெட்டுப்போகவில்லை, கணக்கு அப்படி. எனக்குப் பிடித்த சோதனை இது: ஒரு தாளை வைத்துக்கொள்ளுங்கள். சுடுதளத்துக்குப் போகும் ஒவ்வொரு நாளும், வேறெதையும் சுடும் முன், குளிர்ந்த குழலிலிருந்து ஒரே ஒரு குண்டு அதில். சுட்டதும் தாளை மடித்துப் பையில் வைத்துவிடுங்கள். பத்து நாள் போனால் பத்து ஓட்டைகள். மலையில் நீங்கள் சுடப்போவதும் அந்த முதல் குண்டைத்தான். அந்தப் பத்தும் நூறு மீட்டரில் ஐந்து செ.மீ. வட்டத்துக்குள் இருந்தால், இருநூற்றைம்பது மீட்டரில் ஏறக்குறைய 12 செ.மீ. ஆட்டின் நெஞ்சுப் பகுதி இருபது செ.மீ. இருக்கும். மூச்சு வாங்குவதற்கும் காற்றுக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. முதல் பயணத்தில் அந்தத் தூரத்தைத் தாண்டாதீர்கள்.

ஆட்டைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் என்பதால் உங்களுக்கு உறுத்தலாக இருக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். நம் வரையாடு, சங்கப் பாடல்களில் வருடை, தமிழ்நாட்டின் மாநில விலங்கு. அதை யாரும் தொடக்கூடாது. இங்கே இருப்பது இமயமலைத் தார். 1904-இல் மவுண்ட் குக் பக்கம் கொண்டுவந்து விட்டார்கள். பெயரில் உறவு தெரிந்தாலும் மரபணு ஆய்வுக்குப் பின் இரண்டையும் வேறு வேறு பேரினங்களில் வைத்துவிட்டார்கள். இங்கே அதை வேட்டையாடி உண்ணும் விலங்கு எதுவும் இல்லை. பெருகினால் மலைப்புல்லையும் ஆல்பைன் செடிகளையும் மொட்டையடிக்கிறது. 1993-இல் வகுத்த திட்டம் மொத்த எண்ணிக்கையைப் பத்தாயிரத்துக்குள் வைக்கச் சொல்கிறது. இயற்கைப் பாதுகாப்புத் துறையின் வேட்டை அனுமதியை நீங்கள் தனியாக எடுக்க வேண்டும். நண்பரின் அனுமதி உங்களுக்குச் செல்லாது.

பணத்தை இப்படிச் செலவிடுங்கள்: முதலில் பெட்டிங்கும் விசைச் சோதனையும், பிறகு ஸ்கோப், வளையம், வார். மிஞ்சுவதில் ஒரே தொகுதி எண்ணுள்ள தோட்டாக்கள் இருநூறு வாங்குங்கள். தொகுதி மாறினால் குண்டு விழும் இடமும் மாறும், பிறகு எதனால் மாறியது என்று தெரியாமல் குழம்புவோம். குழலை வெட்டுவதா என்பதை வேட்டை முடிந்து வந்து யோசிக்கலாம். புதரில் எத்தனை முறை மாட்டியது என்று அப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

மே மாதத்துக்குள் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள், ஜூனில் வரிசை நீண்டுவிடும். போல்டைக் கழற்றித் தனிப் பையில் போடுங்கள், உரிமத்தை மறக்காதீர்கள். அந்த மூன்று ஓட்டைத் தாளையும் கிழிக்காமல் எடுத்துவாருங்கள். சோதிக்க உங்கள் தோட்டாவில் இருபது வேண்டும். மணல் மூட்டையும் உங்களுடையதாகவே இருக்கட்டும்.